சனி கிரகத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

2017-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, வெள்ளிக்கிழமை. நம் ஊர்களில் மாலை ஐந்தரை மணி ஆகப் போகிற சமயம். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேளை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள பாஸடேனா நகரத்திலோ பொழுது இன்னும் விடியவில்லை. அங்கே ஒரு பெரிய கூடத்தில் ஆண்களும் பெண்களுமாக விஞ்ஞானிகள் பலர் கூடியிருந்தார்கள். அவர்கள் கண்களெல்லாம் ஒரு திரையின் மீதே இருந்தன. திரையிலே ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கடிகாரத்தில் மணி 4-55. கோடு மறைந்தது. அவ்வளவுதான். சிலர் கைகொடுத்துக்கொண்டார்கள்; சிலர் கட்டிக்கொண்டார்கள்; சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

‘காஸினி’ என்ற விண்வெளிக் கப்பல் சனி கிரகத்தில் விழுந்து எரிந்துபோன செய்திதான் அது. உண்மையில் அது எரிந்து 83 நிமிஷம் ஆகியிருந்தது. சனி அத்தனை தூரத்தில் இருப்பதால், கப்பல் கடைசியாகச் சொன்ன வார்த்தை நம் பூமிக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடித்தது!

இருபது வருஷம் உழைத்த கப்பல் அது. அதைத் தெரிந்தே, திட்டம் போட்டே, நெருப்பில் தள்ளினார்கள். ஏன் தள்ளினார்கள்? தள்ளுவதற்கு முன் ஐந்து மாத காலம் அதை வைத்து என்ன செய்தார்கள்? அந்தக் கதையில் ஓர் எலுமிச்சம்பழம் வருகிறது. நிஜமான எலுமிச்சம்பழம் அல்ல. அந்த அளவில் ஓர் உலோக உருண்டை. சனீசுவரனுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

மந்த கதிக்காரர்

‘மந்தன்’ என்று சனிக்கு நம் முன்னோர்கள் பெயர் வைத்தது சும்மா அல்ல. சூரியனை ஒரு தடவை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே விழும் வெயில் நமக்குக் கிடைப்பதில் தொண்ணூறில் ஒரு பங்குதான். ஆனால் உடம்போ பிரம்மாண்டம்! குறுக்களவில் ஒன்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம். நிற்பதற்குத் தரை கிடையாது. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமான ஒரு வாயுக் கோளம்.

அதன் அழகெல்லாம் அந்த வளையங்களில் இருக்கிறது. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல். கனமோ, பெரும்பாலான இடங்களில் சுமார் 10 மீட்டர். மூன்று மாடி வீட்டின் உயரம்! அத்தனையும் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. தூசு போன்ற பொடியிலிருந்து வீடு போன்ற பாறை வரை, கோடானு கோடித் துண்டுகள் சேர்ந்து சுற்றுகின்றன.

மின்சாரம் கலந்த காற்று

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்ட நாட்களை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கடல் கடந்து, வளைந்த பூமியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பாட்டு எப்படி வந்தது? நம் காற்று மண்டலத்தின் உச்சியில் சூரியனுடைய புற ஊதா ஒளி பட்டு, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்துபோகின்றன. எலெக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். அதை இழந்த அணுவுக்கு நேர் மின்னூட்டம். அதற்கு ‘அயனி’ என்று பெயர். இப்படி மின்சாரம் கலந்த அந்த அடுக்கை ‘அயனி மண்டலம்’ என்கிறார்கள். சிற்றலைகள் அதில் மோதிக் கீழே திரும்புகின்றன. அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது என்பதை 1924-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் என்பவர் பரிசோதனை மூலம் காட்டி, 1947-ல் நோபல் பரிசு பெற்றார்.

பூமிக்கு இருப்பதுபோல் சனிக்கும் அயனி மண்டலம் உண்டு. 1979-ல் ‘பயனீர் 11’, 1980-லும் 1981-லும் ‘வாயேஜர்’ கப்பல்கள் இரண்டும் சனியைக் கடந்து போயின. அவை சனிக்குப் பின்னால் மறையும்போது, அனுப்பிய ரேடியோ அலைகள் அதன் காற்றை உரசிக்கொண்டு வந்தன. அலை எவ்வளவு வளைந்தது என்பதைக் கொண்டு எலெக்ட்ரான்கள் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். போட்டவர்களுக்குத் திகைப்பு! எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. பாக்கி எங்கே போயிற்று?

1984-ல் ஜாக் கானர்னி, ஹண்டர் வெய்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விடை சொன்னார்கள். “வளையங்களிலிருந்து தண்ணீர் சனியின் மேல் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் மின்னூட்டத்தைத் தின்றுவிடுகிறது” என்பது அதன் சாரம்.

தண்ணீர் எப்படி மின்னூட்டத்தைத் தின்னும்? ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரான் போய்விட்டால் மிஞ்சுவது புரோட்டான். பிரிந்த இந்த இரண்டும் மறுபடி நேராகச் சேருவது சுலபமல்ல. எதிர்ப்பட்டாலும் நிற்காமல் ஓடிவிடும். நடுவே ஒரு நீர் மூலக்கூறு வந்தால் காரியம் நடக்கிறது. புரோட்டான் தன் மின்னூட்டத்தை அதனிடம் ஒப்படைக்கிறது. மின்னூட்டம் பெற்ற நீர், ஓடுகிற எலெக்ட்ரானைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இரண்டு வீட்டாரும் நேரில் பேசினால் முடியாத சம்பந்தத்தைத் தரகர் வந்து ஒரே நாளில் முடித்துவைப்பதில்லையா? அந்த மாதிரிதான்.

விடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் போய்ப் பார்ப்பது? வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவே எந்தக் கப்பலும் நுழைந்தது கிடையாது. நிரூபணத்துக்கு முப்பத்து மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பல்புக்காரர் தந்த கருவி

இப்போது நம் எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். அதன் பெயர் ‘லாங்மியூர் துழாவி’. பெயருக்கு உரியவர் இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர். அவருக்கு நம் வீடுகளோடு நெருங்கிய உறவு உண்டு. ஆரம்ப நாட்களில் மின்சார பல்புகளின் உட்பக்கம் சீக்கிரமே கறுத்து மங்கிப்போகும். உள்ளே இருக்கும் இழை மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் படிவதுதான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்து, பல்புக்குள் வாயுவை நிரப்பி அதன் ஆயுளைக் கூட்டியவர் அவர். 1932-ல் நோபல் பரிசும் பெற்றார். மின்சாரம் பாயும் வாயுவைப் பல வருஷம் ஆராய்ந்த அவர்தான் அதற்குப் ‘பிளாஸ்மா’ என்ற பெயரையும் சூட்டினார்.

அந்த வாயுவுக்குள் எத்தனை எலெக்ட்ரான்கள், எவ்வளவு சூடு என்று அளப்பதற்கு அவர் கையாண்ட யுக்தி மிகவும் எளியது. உள்ளே ஓர் உலோகத் துண்டை நுழை. அதற்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடு. நேர் மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் ஓடிவரும்; எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் வந்து ஒட்டும். வருகிற கூட்டம் கம்பி வழியே மின்னோட்டமாகப் பாயும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் கூட்டம் எவ்வளவு, அதன் வேகம் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். வெல்லத்தை வைத்து எத்தனை எறும்பு மொய்க்கிறது என்று எண்ணுவது போலத்தான்.

காஸினியில் இருந்த துழாவி 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டைட்டேனியம் உருண்டை. ஸ்வீடன் தேசத்தில் உப்ஸாலா நகரத்து விண்வெளி ஆராய்ச்சியாளர்கள் அதை உருவாக்கினார்கள். கப்பலின் உடம்பிலுள்ள மின்சாரம் கணக்கைக் கெடுத்துவிடாமலிருக்க, சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கழியின் நுனியில் அதைப் பொருத்தினார்கள். 1997 அக்டோபர் 15-ந் தேதி புறப்பட்ட கப்பல் 2004-ல் சனியை அடைந்தது. பதின்மூன்று வருஷம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஏன் கொன்றார்கள்?

சனிக்குப் பல சந்திரன்கள். அவற்றில் ‘என்ஸிலடஸ்’ என்ற சின்னஞ்சிறு சந்திரனிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுவதைக் காஸினி 2005-ல் கண்டுபிடித்தது. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடலே இருக்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. தண்ணீர் இருக்கும் இடத்தில் உயிர் இருக்கலாமோ என்ற கேள்வி தானே எழுகிறது.

கப்பலிலோ எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்தது. எரிபொருள் இல்லாத கப்பலுக்கு வழி காட்ட முடியாது. என்றைக்காவது அது என்ஸிலடஸில் மோதினால், நம் பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமிகள் அங்கே இறங்கிவிடக்கூடும். பிறகு அங்கே உயிரைத் தேடிப் போகிறவர்கள் எதைக் கண்டாலும், அது அந்த ஊரைச் சேர்ந்ததா, நாம் கொண்டுபோய் விட்டதா என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டை அசுத்தப்படுத்தலாமா? எனவே கப்பலைச் சனியிலேயே எரித்துவிட முடிவு செய்தார்கள்.

எப்படியும் போகப் போகிற கப்பல். போவதற்கு முன் யாரும் துணியாத காரியத்தை அதைக்கொண்டு செய்துவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். சனிக்கும் அதன் உள் வளையத்துக்கும் நடுவே சுமார் 2,000 கிலோமீட்டர் அகலமுள்ள சந்து ஒன்று இருக்கிறது. அதன் வழியாக 22 தடவை பாய்வது என்று திட்டம்.

குடைக்கு வெளியே ஒரு கை

வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு சுமார் 34 கிலோமீட்டர். சென்னையில் புறப்பட்டால் பதினான்கு விநாடியில் மதுரை! அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் எதிரே வந்தாலும் துப்பாக்கிக் குண்டைவிடப் பொல்லாதது. சந்தில் தூசு எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே நான்கு மீட்டர் அகலமுள்ள தகவல் அனுப்பும் பெரிய தட்டை முன்பக்கம் திருப்பி, புயலில் குடை பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கப்பல் பாய்ந்தது. தட்டு பூமியைப் பார்க்கவில்லையாதலால் அந்த நேரம் முழுவதும் பேச்சு மூச்சு கிடையாது. பிழைத்ததா, உடைந்ததா என்று இருபது மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும்.

இதிலே ஒரு விசேஷம். அந்தக் குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை இரண்டே கருவிகள்தான்: காந்தத்தை அளப்பது ஒன்று, ரேடியோ, பிளாஸ்மா அலைகளை அளப்பது மற்றொன்று. நம் எலுமிச்சம்பழம் இந்த இரண்டாவது கருவியைச் சேர்ந்தது.

2017 ஏப்ரல் 26-ந் தேதி முதல் பாய்ச்சல். மறுநாள் கப்பல் பேசிற்று. அப்பாடா! தூசு மோதும் ஓசையை ஒலியாக மாற்றிக் கேட்டார்கள். சடசடவென்று ஆலங்கட்டி மழை போல இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சத்தங்கள்தான். சந்து ஏறக்குறையக் காலி! அதன் பிறகு பெரும்பாலான பாய்ச்சல்களுக்குக் குடை தேவைப்படவில்லை.

உருண்டை சொன்ன சேதி

யான்-எரிக் வாலுண்டும் அவருடைய சகாக்களும் முதல் பாய்ச்சல்களின் கணக்கை அதே வருஷம் டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்த உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சிறு சர்க்கரைக் கட்டி அடைக்கும் இடத்தில், அதிகபட்சம் சுமார் ஆயிரம் எலெக்ட்ரான்கள் இருந்தன. நம் பூமியின் அயனி மண்டலத்தில் பகல் வேளையில் அதே இடத்தில் பத்து லட்சம் வரை இருக்கும். அதைவிட ஆச்சரியம், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இந்த எண்ணிக்கை நூறு மடங்கு வரைகூட மாறியது!

அந்தச் சமயத்தில் சனியின் வட பாதியில் கோடைக் காலம். வளையங்களின் நிழல் தென் பாதியில் விழுந்துகொண்டிருந்தது. கப்பல் அந்தப் பக்கம் வந்தபோது எலெக்ட்ரான்கள் குறைந்துபோயின. பந்தல் போட்ட முற்றத்தில் வடாம் காயுமா? வெயில் இல்லாத இடத்தில் அணுக்கள் உடைவதும் குறைந்துவிடுகிறது. வளையம் தன் கிரகத்துக்குக் குடை பிடிக்கிறது என்பதை உருண்டை நேரிலே அளந்து சொன்னது.

கடைசி ஐந்து சுற்றுக்களில் கப்பலை இன்னும் கீழே இறக்கினார்கள். மேகங்களுக்கு மேலே சுமார் 1,700 கிலோமீட்டர் வரை போயிற்று. அங்கே சனியின் காற்றே கப்பலைத் தள்ளத் தொடங்கியது. இங்கேதான் கணக்கு இடித்தது.

வீட்டுக் கணக்கு நோட்டில் வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டுமல்லவா? அயனி மண்டலத்திலும் அப்படித்தான். நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆனால் ஆழத்தில் அயனிகள் நிறைய இருந்தன. எலெக்ட்ரான்களோ அவற்றுக்கு ஈடாக இல்லை. மிச்ச எதிர் மின்னூட்டம் எங்கே ஒளிந்தது? உப்ஸாலாவில் பணிபுரியும் மிச்சிகோ மொரூக்கா என்ற பெண்மணியின் தலைமையில் 2019-ல் வெளியான ஆராய்ச்சி பதில் சொன்னது. எலெக்ட்ரான்கள் மிக நுண்ணிய தூசுகளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு பொடித் தூசு! சனியின் நடுக்கோட்டருகே இருக்கும் அயனி மண்டலம் தூசு படிந்த அயனி மண்டலம்.

அந்தத் தூசு எங்கிருந்து வந்தது? வேறு எங்கிருந்து? வளையங்களிலிருந்துதான்.

முப்பத்து மூன்று வருஷக் காத்திருப்பு

வாயுக்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வேறொரு கருவியும் கப்பலில் இருந்தது. அது பார்த்தபோது, சனியின் நடுக்கோட்டின்மேல் தண்ணீரும் மீதேனும் அம்மோனியாவும் கரிமப் பொருள்களும் இறங்கிக்கொண்டிருந்தன. தூறல் அல்ல, பெருமழை! விநாடிக்கு 4,800 கிலோ முதல் 45,000 கிலோ வரை. பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு அரை லாரிக்குச் சற்றுக் குறைவிலிருந்து நாலு லாரி வரைக்கும் ஆகிறது. ஒவ்வொரு விநாடியும்!

2018-ல் இந்த முடிவை வெளியிட்ட குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ஹண்டர் வெய்ட்! “வளையத்திலிருந்து தண்ணீர் விழுகிறது” என்று 1984-ல் காகிதத்தில் கணக்குப் போட்ட இருவரில் ஒருவர். வாலிபத்தில் எழுதிய கணக்கைத் தம் கருவியாலேயே சரிபார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் இந்தச் சேதியில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. இப்படியே கொட்டிக்கொண்டிருந்தால் வளையம் என்ன ஆகும்? கணக்குப் பார்த்த விஞ்ஞானிகள், இன்னும் 10 கோடி வருஷத்துக்குள் அது தீர்ந்துபோகலாம் என்றார்கள். 450 கோடி வயதுள்ள சூரிய குடும்பத்தில் 10 கோடி என்பது சொற்பம். அந்த வளையங்கள் பிறந்ததும் சமீபத்தில்தானா, அல்லது சனியோடு கூடப் பிறந்தவையா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் அவை என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் ஆபரணம் அல்ல என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

நம்மவர் அனுப்பிய உருண்டை

பல்புக்காரர் கண்டுபிடித்த யுக்தி நம் நாட்டுக்கும் வந்தது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3-ன் விக்ரம் கலத்திலும் ஒரு லாங்மியூர் துழாவி இருந்தது. அதுவும் 5 சென்டிமீட்டர் உருண்டைதான். ஒரு மீட்டர் கழியின் நுனியில் நின்றது. திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் அதை உருவாக்கினார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்திரனின் தென் துருவப் பக்கத்தில் கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலெக்ட்ரான்கள் என்று அது அளந்தது. பெரிய எண்ணாகத் தோன்றினாலும், சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐந்திலிருந்து முப்பதுதான்! சனியில் ஆயிரம் கண்ட உருண்டையின் தம்பி, சந்திரனில் முப்பதையும் எண்ணிச் சொல்லிவிட்டது.

குழந்தைகள் இருக்கும் வீடுகளில் ஒன்று செய்யலாம். சனி வெறும் கண்ணுக்கே தெரிகிற கிரகம். பள்ளிக்கூடத்திலோ அறிவியல் மன்றத்திலோ ஒரு சிறு தொலைநோக்கி இருந்தால் வளையமும் தெரியும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பியதால் அது காணாமல் போனதுபோல் இருந்தது. அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் விரிந்துகொண்டு வருகிறது. குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். “அங்கே இந்த நிமிஷமும் மழை பெய்துகொண்டிருக்கிறது” என்று சொல்லுங்கள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்டால், சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கதையை ஆரம்பியுங்கள்.